பெஞ்சில் பெயர் எழுதுவதற்கு முன்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் வார்டுகளைச் சந்தித்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, ஒரகடம் பக்கத்தில் சிறு தொழில் நடத்தும் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். மூன்று சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் குடும்பத் தொழில் அது. தகப்பனார் ஒரே ஒரு லேத் மெஷினோடு ஆரம்பித்தார். இன்று மூத்தவர் கார் உதிரி பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப்பைப் பார்க்கிறார். இரண்டாமவர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்களை நடத்துகிறார். இளையவர் தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறார். வந்திருந்தவர் மூத்தவர்.

“ஃபாதர், அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. அவர் பேர்ல ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யணும்னு ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கோம். வெளிநோயாளிங்க உட்கார பத்து ஸ்டீல் பெஞ்சு போட்டு, அப்பா பேரை எழுதிடலாமா?” என்று கேட்டார்.

அவர் கேட்ட அதே நேரத்தில், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் அவருடைய பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஒரு பையன் படுத்திருந்தான். ஒடிசாவிலிருந்து வந்தவன், வயது 19. இரவு ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளி கல்நெஞ்சக்காரர் அல்ல. பில் முழுவதையும் அவரே கட்டினார். பழம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை வந்து பார்த்தார். ஆனால் அந்தப் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. பதிவு இல்லை. பிரஸ்ஸில் கையைக் காக்கும் சாதனமும் இல்லை.

“தம்பி, பெஞ்சு தேவைதான். ஒரு வாரம் டைம் கொடுங்க, யோசிச்சு சொல்றேன்” என்று அனுப்பினேன். யோசித்ததையும் அவரிடம் சொன்னதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்முடைய ஆதரவாளர்களில் அநேகர் குடும்பமாகத் தொழில் நடத்துகிறவர்கள் ஆனபடியால், இது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒரகடம் அன்றும் இன்றும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஏரிகளும் நெல் வயல்களுமாக இருந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார் தொழிற்சாலையும் அப்போலோ டயர் தொழிற்சாலையும் வந்தன. 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக எழும்பின. 2014-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, வந்த வேலை போகவும் கூடும் என்பதையும் கண்டோம்.

ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பின்னால் பல சிறிய பட்டறைகள் நிற்கின்றன. பிராக்கெட், கிளாம்ப், வாஷர், ரப்பர் வளையம் போன்றவை அங்கிருந்துதான் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை குடும்பச் சொத்து. அப்பா, பிள்ளைகள், மாப்பிள்ளை, மச்சான் என்று நடத்துகிறார்கள். அங்கு வேலை செய்கிறவர்களோ நம் கிராமத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து ரயிலேறி வந்த பிள்ளைகளும்.

இவர்களுக்கு வேலை கிடைத்த அளவு வேகமாகப் படுக்கையும் சுத்தமான சாப்பாடும் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் இப்பகுதியின் ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்று, அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை அரசு திறந்தது. தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

இப்படிப்பட்ட இடத்தில் சம்பாதிக்கும் ஒரு குடும்பம், சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன? நம் மாநிலத்திலேயே நூறு வருஷத்துக்கு மேலாகப் பல தொழில்களை நடத்திவரும் குடும்பங்களைக் கவனித்தால் சில பாடங்கள் கிடைக்கும்.

ஒரு பஸ்ஸில் தொடங்கிய குடும்பம்

திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911-ம் ஆண்டு மதுரையில் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். அவருடைய பஸ்ஸைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரி வாயுவில் பஸ் ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தது இக்குடும்பம்.

அவருக்குப் பின் பிள்ளைகள் தொழிலைப் பல கிளைகளாக விரித்தார்கள். 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ், 1960-களில் சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், பின்பு ஓசூரில் மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தது. 1972-ல் மதுரைப் பஸ்கள் அரசின் கைக்குப் போய் பாண்டியன் போக்குவரத்துக் கழகமானபோதும் குடும்பம் விழுந்துவிடவில்லை. அதற்கு முன்பே வேறு தொழில்களில் வேரூன்றியிருந்தது. இன்று நம்முடைய ஸ்ரீபெரும்புதூரில் வீல்ஸ் இந்தியாவுக்கும், ஒரகடத்தில் சுந்தரம் கிளேட்டனுக்கும் ஆலைகள் உண்டு. ஆகவே இது தூரத்துக் கதை அல்ல, நம் ஊர்க்கதையுந்தான்.

இக்குடும்பத்தின் கொடுத்தல் எங்கே ஆரம்பித்தது? தொழிற்சாலையின் கேட்டுக்கு உள்ளே ஆரம்பித்தது. மதுரையில் டி.வி.எஸ். நகர் என்று ஒரு பகுதியே உண்டு, டி.வி.எஸ். பள்ளிக்கூடமும் உண்டு. ஊரெல்லாம் தர்மம் செய்யுமுன், தன்னிடம் வேலை செய்கிறவனுடைய வீட்டையும் அவன் பிள்ளையின் படிப்பையும் பார்ப்பது என்ற பழக்கம் அங்கே வேர் பிடித்தது. கேட்டுக்கு வெளியே அது பரவியது பிறகுதான்.

தன்னையே கொடுத்த மகள்

அக்காலத்தில் தொழிலை ஆண்பிள்ளைகளே ஏற்று நடத்தினார்கள். ஆனால் அவ்வீட்டிலிருந்து சமுதாயத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய கொடை ஒரு மகள்தான் என்றால் மிகையாகாது.

சௌந்தரம் 1904-ம் ஆண்டு பிறந்தார். சிறுவயதிலேயே ஒரு மருத்துவருக்கு மணமுடிக்கப்பட்டு, இளமையிலேயே விதவையானார். விதவையை வீட்டின் மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவரோ டெல்லி சென்று லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். பின்பு கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் என்னும் காந்தியத் தொண்டரை மணக்க விரும்பியபோது வீட்டார் எதிர்த்தார்கள். ஒரு வருஷம் பிரிந்திருந்து யோசியுங்கள் என்று காந்தியடிகள் சொல்ல, இருவரும் காத்திருந்து 1940-ல் அவருடைய ஆசியோடு மணந்துகொண்டார்கள்.

1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டியில் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே எழும்பிய கஸ்தூர்பா மருத்துவமனை, கிராமத்துத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பெயர்பெற்ற இடமாயிற்று. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் அந்த வித்திலிருந்து முளைத்ததே. டாக்டர் சௌந்தரம் 1962-ல் பத்மபூஷண் பெற்றார். மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். 1984-ல் காலமானார்.

தொழில் செய்யும் குடும்பங்களில் ஒரு பிள்ளை மருத்துவம் என்றோ, ஆசிரியர் பணி என்றோ, சேவை என்றோ புறப்பட்டால், “வியாபாரத்தை யார் பார்ப்பது?” என்று தடுக்கிறோம். பணத்தைக் கொடுக்கிற குடும்பங்கள் அநேகம். ஆளைக் கொடுக்கிற குடும்பங்கள் சொற்பம்.

பிற்காலத்தில் இக்குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். ரங்கராஜன், சென்னை அண்ணா நகரில் லாப நோக்கமற்ற சுந்தரம் மெடிக்கல் ஃபவுண்டேஷன் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். 1996-ல் சுந்தரம் கிளேட்டனும் டி.வி.எஸ். மோட்டாரும் சேர்ந்து சீனிவாசன் சேவை அறக்கட்டளையை ஏற்படுத்தின. திருவண்ணாமலை மாவட்டம் படவேடு போன்ற கிராமங்களில் அது வேலை செய்தது. ஜனங்கள் கைநீட்டி வாங்குகிறவர்களாக நில்லாமல், பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் மூலம் தாங்களே முன்னின்று செய்யும்படி தூண்டுவது அதன் முறை.

அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை

இன்னொரு குடும்பத்தையும் பார்ப்போம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ம் ஆண்டில் பர்மாவில் லேவாதேவித் தொழில் தொடங்கினார். உலகப்போர் பர்மாவைத் தொடுமுன்பே முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இக்குடும்பம். 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் சைக்கிள் செய்தார்கள். பின்பு சாணைக்கல், சர்க்கரை, உரம், நிதி என்று பல துறைகளில் இறங்கினார்கள். 1981-ல் பழம்பெரும் பாரி கம்பெனியும் இவர்கள் கைக்கு வந்தது.

1953-ல் குடும்பம் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது; இன்று அதன் பெயர் ஏ.எம்.எம். ஃபவுண்டேஷன். அதன் கீழ்ப் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் நடக்கின்றன. 1966-ல் அம்பத்தூரில் தொடங்கிய மருத்துவமனைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை. அது குடும்பத்தாரின் பெயர் அல்ல, கூட்டாளியான இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவருடைய பெயர். அன்றைய அம்பத்தூர் இன்றைய ஒரகடத்தைப் போலவே புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த இடம். ஆலைகள் வந்த இடத்துக்கே மருத்துவமனையும் வந்தது.

குடும்பம் பிரிந்தாலும் தர்மம் பிரியாதிருக்க

இவர்கள் வீட்டில் மனஸ்தாபமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். முருகப்பா குடும்பத்தில், ஒரு கிளையைச் சேர்ந்த பெண்கள் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதால் எழுந்த பிணக்கு, பல வருஷம் நீடித்து 2023-ல் சமரசமாக முடிந்தது. டி.வி.எஸ். குடும்பத்தின் கிளைகள், அவரவர் நடத்தும் கம்பெனி அவரவருக்கே என்று 2020 டிசம்பரில் ஏற்பாட்டை அறிவித்து, 2022-ல் அதை முறைப்படி நிறைவேற்றினார்கள்.

ஆனாலும் காந்திகிராமத்தில் பிரசவம் நிற்கவில்லை. அம்பத்தூரில் மருந்துச் சீட்டு எழுதுவது நிற்கவில்லை. ஏன்? அந்தத் தர்மங்கள் யாருடைய சட்டைப் பையிலும் இல்லை. அறக்கட்டளை, அதற்கென்று சொத்து, தனிக் கணக்கு, அன்றாட வேலையைப் பார்க்கத் தேர்ந்த ஆட்கள் என்று அமைக்கப்பட்டிருந்தன. தகப்பன் தன் இஷ்டப்படி கொடுத்தால், பிள்ளையும் தன் இஷ்டப்படி நிறுத்தலாம். நிலைக்க வேண்டிய கொடை, கொடுக்கிறவருடைய கையை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். நம் சபைகளில் உக்கிராணத்துவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதன் நடைமுறை அர்த்தம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது ஆண்டு விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தின மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அச்சட்டத்தின் விதிகளில் ஒன்றை அநேகர் கவனிப்பதில்லை. கம்பெனி தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும்படி செய்யும் செலவு இந்த 2 சதவீதத்தில் சேராது. அதாவது, தொழிலாளிக்குச் செய்வது கடமை. அதைத் தர்மக் கணக்கில் எழுதாதே என்று சட்டமே சொல்கிறது. தொழிலாளிக்குக் கொடுப்பது கடன். ஊருக்குக் கொடுப்பது காணிக்கை. கடனை வைத்துக்கொண்டு காணிக்கை படைப்பது கணக்கைப் புரட்டுவதாகும்.

நம் பிரஸ் ஷாப் சகோதரர்கள் இந்த 2 சதவீதச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் அல்ல. ஆனால் கடன், காணிக்கை என்ற வரிசை அவர்களுக்கும் பொருந்தும். அந்த வரிசையைத்தான் அடுத்த வாரம் அவர் வந்தபோது சொன்னேன்.

சிறு முதலாளி செய்யக்கூடியது

முதலாவது, ஈ.எஸ்.ஐ. 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இத்திட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு உண்டு. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். மாதம் ரூ.15,000 வாங்குகிறவருக்கு முதலாளி கட்டுவது ரூ.487.50, தொழிலாளி கட்டுவது ரூ.112.50. இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை, நோயில் படுத்தால் ஊதியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். திட்டம் நடைமுறையில் உள்ள மாவட்டமானால், சொந்த ஊரிலிருக்கும் குடும்பமும் அங்கேயே சிகிச்சை பெறலாம். வேலையில் விரல் போனால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்வதற்கேற்ப ஆயுள் முழுவதும் பணம் வரும். முதலாளி பில் கட்டியது நல்ல காரியம்தான். ஆனால் பில் ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தப் பையனுக்கோ இன்னும் நாற்பது வருஷ உழைப்பு பாக்கி இருக்கிறது.

இரண்டாவது, மெஷின். இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி அமைத்துவிட்டால், கை அச்சுக்குள் இருக்க வழியில்லை. கை உள்ளே போனால் தானே நின்றுவிடும் சென்சாரும் உண்டு. உற்பத்தி வேகம் குறைகிறது என்று இவற்றைக் கழற்றி வைக்கும் பழக்கமே நம் வார்டுக்கு ஆட்களை அனுப்புகிறது.

மூன்றாவது, தங்கும் இடமும் சாப்பாடும். விடுதிச் சாப்பாடு தம்பியின் தொழில், ஆட்களின் பயணம் இன்னொரு தம்பியின் தொழில் என்றால், ஒரு தொழிலாளியின் நாள் முழுவதும் அந்த ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பல தொழில் நடத்தும் குடும்பத்துக்குள்ள தனிப் பொறுப்பு இது. மற்றவர்களால் ஒரு மூலையைத்தான் சரிசெய்ய முடியும். இவர்களால் முழுவதையும் சரிசெய்ய முடியும்.

நான்காவதாகத்தான் ஊருக்குக் கொடுப்பது. லாபத்தில் இவ்வளவு பங்கு என்று சகோதரர்கள் மூவரும் முன்கூட்டியே எழுதி வைத்து, தனி வங்கிக் கணக்கில் போட்டு, குடும்பத்துக்கு வெளியே ஒருவரையாவது கணக்குப் பார்க்க வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெண்களையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர்கள் என்ன செய்தார்கள்?

மறுமுறை சகோதரர்கள் மூவரும் வந்தார்கள். இரண்டாமவர் கேட்ட கேள்வி நியாயமானது. “ஃபாதர், பெரிய கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ரேட்டைக் குறைக்கச் சொல்றான். பக்கத்துப் பட்டறைக்காரன் இதெல்லாம் கட்டறதில்ல. நாங்க மட்டும் கட்டினா எப்படி நிக்கிறது?”

என்னிடம் முழுப் பதில் இல்லை. விலையை நெரிக்கிற பெரியவர்களுக்கும் இந்த விரல்களில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையோடு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர்களிடம் 26 பேர் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு ரூ.487.50 வீதம் மாதம் ரூ.12,675. பெஞ்சுக்கு ஒதுக்கிய ஒரு லட்சத்தில் ஏறக்குறைய எட்டு மாதக் கட்டணம் அடங்கும். இளையவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று 26 பேருக்கும் பதிவு ஆகியிருக்கிறது. ஒன்பது பிரஸ்களில் ஐந்துக்கு இரட்டைப் பொத்தான் வைத்தாயிற்று; மற்ற நான்குக்கு வேலை நடக்கிறது. விரல் இழந்த பையன் ஊருக்குப் போய் வந்து, அதே இடத்தில் ஸ்டோர் கணக்கு எழுதப் பழகுகிறான், இடது கையால். அவனுடைய விபத்து பதிவுக்கு முந்தினது. ஆகவே நஷ்ட ஈடு எவ்வளவு என்பதை முதலாளி அவனோடு பேசி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் முடியவில்லை.

நண்பர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால்தான் இந்த வார்டு நடக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வார்த்தையில்லை. அதே சமயம் உங்களில் ஒருவருக்குக் கடையோ, பட்டறையோ, வேனோ, விடுதியோ இருக்குமானால், அடுத்த காணிக்கையை அனுப்புமுன் உங்கள் ஊழியர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் பதிவு இல்லாத ஒரு பெயர் இருந்தால், முதலில் அந்தப் பெயருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். நம் மருத்துவமனை காத்திருக்கும்.

அந்தப் பத்து பெஞ்சுகளும் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனை சாப்ளின்